பாரிஸ் பத்திரிகையில் கலாவதி

ஈஸ்ட் ஹாமில் பலசரக்குக் கடை நடத்தும் கலாவதிக்கு, பாரிசிலிருந்து அவளுடைய அக்கா சிவரூபினி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது ஒரு வாரப் பத்திரிகையில் கண்ட கேலிச்சித்திரம் அது. கடை வாசலில் ஒரு பெண் கத்துகிறாள். அவள் வாய்க்குள் ஒரு சாமான் வான் முழுதாக நுழைந்துவிடும் போலிருந்தது. நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, காதோரம் செருகிய பேனை. சந்தேகமில்லை, கலாவதிதான்.

வரைந்தது யாரென்றும் அவளுக்குத் தெரிந்தது. லூசியன் வெர்னே என்ற பிரெஞ்சுக்காரர், அறுபத்தாறு வயது. பதினொரு வருடமாகப் பின்தெருவில் குடியிருந்து, லண்டன் வாழ்க்கையைப் பற்றி வாரம் ஒரு சித்திரம் அந்தப் பத்திரிகைக்கு அனுப்பி வந்தார். வியாழன்தோறும் அவள் கடையில் மீன் வாங்குவார்.

அந்த வியாழன் வந்தவரிடம் அவள் போனை நீட்டினாள். அவர் பெருமையாகச் சிரித்தார். பிடித்தவர்களைத்தான் வரைவேன் என்றார்.

"நான் கத்தினதைக் கீறியிருக்கிறியள். ஏன் கத்தினனான் எண்டு கேட்டனீங்களோ?"

அவர் கேட்டிருக்கவில்லை. அன்று சாமான் கொண்டுவந்த வான்காரன், கடையில் வேலை செய்யும் மெற்றில்டாவின் ஆங்கிலத்தை அவள் முகத்துக்கு நேரே நையாண்டி பண்ணியிருந்தான். மெற்றில்டா உள்ளே போய் அழுதுகொண்டிருந்தாள். லூசியன் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

முப்பத்தெட்டு வருடத் தொழிலில் அமைச்சர்கள்கூட அவர்மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். ஒருவரிடமும் அவர் வருத்தம் தெரிவித்ததில்லை. இப்போது மீன் பெட்டிக்கு முன்னால் நின்றபடியே மன்னிப்புக் கேட்டார். நடந்ததை முழுதாக வரையட்டுமா என்றும் கேட்டார். தன்னைக் கீறவே வேண்டாம் என்று மெற்றில்டா திட்டமாகச் சொல்லிவிட்டாள்.

இரண்டு கிழமை கழித்து அடுத்த படம் வந்தது. அதே கலாவதி, அதே கத்தல். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் மட்டும் ஒரு கிழவர் புதிதாக நின்றார். நீண்ட மூக்கு படம் கீறும் கொப்பிக்குள் புதைந்திருந்தது. அது லூசியனேதான். கீழே இருந்த வரியை அக்கா போனில் மொழிபெயர்த்தாள்: 'நான் பிந்தி வந்தவன்.'

வாயை இன்னும் சின்னதாக்கவில்லையே என்று கலாவதி குறைப்பட்டாள்.

"உன்ரை வாய் அவ்வளவுதானேடி," என்றாள் அக்கா.

அடுத்த வியாழன் கலாவதி அவருக்கு நல்ல விளைமீனாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தாள். இனி ஆரைக் கீறுவதென்றாலும் முதலில் கேட்கவேண்டும் என்றாள். அவர் ஒப்புக்கொண்டார். சொன்னபடி கேட்கவும் செய்தார். கேட்டவர்களில் பாதிப்பேர் மறுத்துவிட்டார்கள். கொஞ்சக் காலம் அவர் மீன்களைத்தான் வரைந்தார்.