மூன்று முறை வராதவள்

நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே அவளுக்கு எரிந்தது. இருபத்தாறு வருடமாக மற்றவர்களை எதிரே உட்கார வைத்து அவர்கள் மனசைக் கேட்டவள். இன்றைக்கு அவளையே உட்கார வைத்து, பச்சைக் காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்து, "உங்களை ஒரே வார்த்தையில எழுதுங்க" என்றார்கள். 'ஆலோசகர்' என்று எழுதினாள். பயிற்சியாளர் குனிந்து பார்த்தார்.

"அது உங்க வேலை மேடம். நீங்க யாரு?" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவள் மகனைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வேலை செய்யும் மனநல மையத்தில் முதுகுக்குப் பின்னால் அவளுக்குக் 'கடிகாரம்' என்று பெயர். ஐம்பது நிமிடம் என்றால் ஐம்பதுதான். எதிரே இருப்பவர் விம்மிக்கொண்டிருந்தாலும் நாற்பத்தெட்டாவது நிமிடத்தில் எழுந்து, "மிச்சத்தை அடுத்த வாரம் பேசலாம்" என்பாள். அப்படிப்பட்டவளுக்கு நாளையோடு உரிமம் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் 'சமூகப் பார்வையோடு மனநல ஆலோசனை' என்ற தலைப்பில் ஆறு மணி நேரப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். இரண்டு வருடம் தட்டிக் கழித்ததில் இந்த ஒரு நாள்தான் மிச்சம். இதை விட்டால் அடுத்த பயிற்சி நாலு மாதம் கழித்து. அதுவரை அவளிடம் வரும் பதினான்கு பேரையும் பக்கத்து அறைக்காரரிடம் தள்ளிவிட வேண்டும். அந்த மனுஷன் பாதி நேரம் கொட்டாவி விடுவார்.

காலையில் கணவரே கிண்டல் செய்துதான் அனுப்பினார்.

"ஆறு மணி நேரம் நீ வாயை மூடிக்கிட்டு இன்னொருத்தர் பேசறதைக் கேக்கப் போறியா? சான்றிதழ் எனக்கில்ல குடுக்கணும், முப்பது வருஷமா அதைத்தானே பண்றேன்."

"நீங்க சாப்பிட்டு தட்டைக் கழுவி வைங்க, போதும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வாசலில் மேசை போட்டு ஒரு பெண் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தாள். இடைவேளை தவிர மொத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் வெளியே இருந்தால் சான்றிதழ் கிடையாது என்று வருகிறவர்களிடமெல்லாம் ஒப்பித்தாள். கடிகாரத்துக்கு அது ஒன்றுதான் பிடித்திருந்தது. பரவாயில்லை, ஒழுங்கு தெரிந்தவர்கள் என்று நினைத்தாள்.

மத்தியானம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழ்மை, ஏற்றத்தாழ்வு, அதிகாரம் என்று திரையில் படம் படமாக ஓடியது. பக்கத்தில் இருந்த தாடிக்காரன் ஒவ்வொரு படத்துக்கும் "கரெக்ட், கரெக்ட்" என்று தலையாட்டினான். இரண்டு வருட அனுபவம்கூட இருக்காது அவனுக்கு. இவனெல்லாம் ஒரு நாள் எங்கள் மையத்தில் வந்து உட்காரட்டும், நாற்பது பேர் வரிசையைப் பார்த்ததும் தாடி தானாகக் கொட்டிவிடும் என்று கறுவினாள்.

மூன்றரைக்குப் பயிற்சியாளர் கதவைத் திறந்துவிட்டார். "இப்ப ஆலோசனைக்குப் போய் கசப்பா திரும்பின ஒருத்தங்க பேசப் போறாங்க. இருபது நிமிஷம். நல்லாக் கேளுங்க."

உள்ளே வந்தவளைக் கடிகாரத்துக்குப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிற பெண். ஐந்து வருடம் முன்பு அவளிடமே வந்தவள். ஐந்து தடவை வந்தாள், பிறகு மூன்று தடவை தொடர்ந்து வரவில்லை. மூன்று முறை வராவிட்டால் கோப்பை மூடிவிடுவது மையத்தின் வழக்கம். மூடினாள். மூடும் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'ஆர்வம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது இப்போது பளிச்சென்று ஞாபகம் வந்தது.

தையல்காரி வட்டத்தை ஒரு சுற்று பார்த்தாள். பார்வை கடிகாரத்தின் மேல் வந்தது, ஒரு கணம் நின்றது, நகர்ந்தது.

தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ள முடியாது. இந்தத் தொழிலின் முதல் பாடம் அது. வெளியிடத்தில் பார்த்தால் ஆலோசனைக்கு வந்தவர்கள்தான் முதலில் பேச வேண்டும். அவர்கள் பேசாதவரை நாம் யாரோ, அவர்கள் யாரோ. மீறினால் உரிமமே போகும். முதல் நாளே ஒவ்வொருவரிடமும் இதைப் பெருமையாகச் சொல்லி வைப்பாள். இவளிடமும் சொல்லியிருந்தாள்.

"மூணு வாரம் நான் போகலை" என்று தையல்காரி ஆரம்பித்தாள். குரல் உயரவே இல்லை. "லீவுச் சீட்டுக்கு சூப்பர்வைசர் காரணம் கேட்டாரு. காரணத்தைச் சொன்னா லைன்ல இருக்கற அறுபது பேரும் என்னைப் பைத்தியம்பாங்க. சொல்லலை. அப்ப லீவு இல்லைன்னுட்டாரு. மையத்துக்குப் போன் பண்ணிச் சொல்லலாம்னா அங்க பத்துலேருந்து பன்னண்டு வரைக்கும்தான் எடுப்பாங்க. அந்த நேரத்துல எங்க போனெல்லாம் பூட்டின பெட்டியில கிடக்கும். நாலாவது வாரம் எப்படியோ கெஞ்சிக் கிளம்பறேன், லெட்டர் வந்து நிக்குது. உங்க கோப்பு மூடப்பட்டதுன்னு."

"அதுக்கப்புறம்?" என்றார் பயிற்சியாளர், கண்ணை இடுக்கிக்கொண்டு.

"அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் என்ன ஆச்சுன்னு இங்க சொல்ல மாட்டேன். உங்களுக்குப் பாடம் நடத்த நான் அதைப் படலை."

பயிற்சியாளர் சுதாரித்துக்கொண்டு வட்டத்தைப் பார்த்தார். "அந்த ஆலோசகரைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

அவ்வளவுதான், அள்ளிக் கொட்டினார்கள். மனசாட்சி இல்லாதவர் என்றார் ஒருவர். இயந்திரம் என்றார் இன்னொருவர். தாடிக்காரன், "அந்தம்மா லைசன்ஸைப் பிடுங்கணும் சார்" என்று தொடையைத் தட்டினான். அந்தம்மாவின் முழங்கை அவன் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது.

"நீங்க ஒண்ணும் சொல்லலையே மேடம்?" என்று பயிற்சியாளர் அவள் பக்கம் திரும்பினார்.

காது மடலெல்லாம் சூடேறியது அவளுக்கு. அந்தக் கடிதத்தை அச்சடித்தது நானா? பன்னிரண்டு மணிக்கு மேல் போனை எடுக்கக் கூடாது என்றது நானா? வாய்வரை வந்தது. "அந்த ஆலோசகர் பக்கம் என்னன்னு தெரியாம எப்படிங்க..." என்றாள்.

"அவங்களுக்குப் பக்கமே இல்ல மேடம்" என்று தாடிக்காரன் முந்திக்கொண்டான். ரெண்டு பேர் கை தட்டினார்கள்.

தையல்காரி மட்டும் அவளையே பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்று இருந்தாள். அவளே ஏதோ சொல்ல வாயெடுத்தபோது பயிற்சியாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "சாரிம்மா, டைம் ஆயிடுச்சு. வெளியில டீ இருக்கு, குடிச்சிட்டுக் கிளம்புங்க." பேச எடுத்த வாயை மூடிக்கொண்டு தையல்காரி வெளியே போனாள்.

பச்சைக் காகிதத்தைத் திரும்ப விநியோகித்தார்கள். 'இன்று நான் கற்றது.' கடிகாரம் எழுந்து வெளியே நடந்தாள். பதிவேட்டுப் பெண், "நாலு அஞ்சு" என்று நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

டீ மேசைப் பக்கம் யாரும் இல்லை. தையல்காரி கட்டடத்துக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள். கடிகாரம் போய் ஆறேழு அடி தள்ளி நின்றாள். கிட்டப் போகவும் முடியாது, கூப்பிடவும் முடியாது. அவள் பேச வேண்டும் முதலில். அவளோ பையைத் திறந்து தண்ணீர் குடித்தாள், செருப்பு வாரைச் சரி செய்தாள், பேருந்து வருகிற திசையைப் பார்த்தாள். நாலு பத்து. நாலு பதின்மூன்று. இப்போது திரும்பினால் சான்றிதழ் கையில். பதினான்கு பேர், இருபத்தாறு வருடம், போடி உள்ளே என்று மனசு பிடித்துத் தள்ளியது.

அவள் நகரவில்லை. நாலு பதினைந்து ஆனது. பதினாறும் ஆனது.

"என்ன மேடம், மணி பார்த்துட்டே நிக்கிறீங்க?" என்றாள் தையல்காரி, ரோட்டைப் பார்த்தபடியே.

அப்பாடா என்று மூச்சு வந்தது. "உங்களுக்காகத்தான்மா நின்னேன். நீங்க பேசாம நான் பேசக் கூடாது."

"தெரியும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. எவ்வளவு நேரம் நிப்பீங்கன்னு பார்த்தேன்."

"தப்புப் பண்ணிட்டேன். ஏன் வரலைன்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ, எனக்கே தெரியாது. ஆனா நீங்க கேக்கலை." பேருந்து வளைவில் திரும்பியது. தையல்காரி பையைத் தோளில் மாட்டினாள். "மன்னிப்பு கேக்கப் போறீங்களா? வேணாம் மேடம். நீங்க கேட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவீங்க. அந்த நிம்மதியை நான் குடுக்கறதா இல்ல."

ஏறிப் போய்விட்டாள். சன்னல் பக்கம் உட்கார்ந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாசலுக்கு வந்தபோது பதிவேட்டுப் பெண் எழுந்தே நின்றாள். "பதினெட்டு நிமிஷம் ஆச்சு மேடம்."

சத்தம் கேட்டுப் பயிற்சியாளர் வெளியே வந்தார். பேச்சில் உண்மையாகவே பரிவு இருந்தது, அதுதான் கொடுமை. "ரூல்ஸை நான் மாத்த முடியாது மேடம். ஆனா தகுந்த காரணம் இருந்தா எழுதிக் குடுங்க, பேசிப் பார்க்கறேன். உடம்பு முடியலையா?"

முடியலை என்று ஒரு வார்த்தை போதும். தலையாட்டினால்கூடப் போதும், சான்றிதழ் வந்துவிடும். உண்மையைச் சொல்லலாம் என்றால், வெளியே நின்ற பெண் யார், உங்களுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. லீவுச் சீட்டு கேட்டு சூப்பர்வைசர் முன்னால் வாய் திறக்காமல் நின்ற பெண்ணை இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவளால் பார்க்க முடிந்தது.

"சொல்லுங்க மேடம், என்ன காரணம்?"

அவள் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அவள் பெயருக்கு நேராக, கடைசியில் 'காரணம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து, நிதானமாக, எழுத்து தெளிவாகத் தெரியும்படி 'ஆர்வம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.