சூட்டோடு ஊற்றிய தட்டுகள்

நோன்பு மாதம் பிறந்தால் மாத்தளையில் இருந்த அந்த ஆய்வுகூடத்தில் ஓர் ஏற்பாடு. ஆஸியா நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் நோன்பு திறக்க நாவுலவில் வீடு சேரலாம். அதனால் பின்னேரத்தில் தட்டு ஊற்றும் வேலையை, அதாவது பாக்டீரியா வளரும் கூழைக் காய்ச்சிக் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றுவதை, டிலுக்ஷி தன் தலையில் போட்டுக்கொள்வாள். பணிப்பட்டியலில் மாதம் முழுக்க அவள் பெயர்தான். யாரும் கேட்டு அவள் செய்யவில்லை.

போன செவ்வாய் அவளுக்குப் பல்வலி, அரைநாள் லீவு. பட்டியலில் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. தட்டுகளை ஆஸியாவே ஊற்றினாள். கொதித்த கூழ் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே அம்பிசிலின் மருந்தைச் சேர்க்க வேண்டும். ஆஸியா கடிகாரத்தைப் பார்த்தாள், குடுவையைத் துணியால் பிடித்தாள், சூட்டோடு மருந்தைக் கலந்து ஊற்றிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். அத்தனை அவசரம் அம்மணிக்கு.

மிளகுக் கொடியின் மரபணு ஒன்றை, பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் ஒட்டிப் பாக்டீரியாவுக்குள் அனுப்பும் வேலை அது. வளையத்தை வாங்கிக்கொண்டவை மட்டும் அம்பிசிலினைத் தாங்கும், மற்றவை செத்துப்போகும். சூட்டில் மருந்து கெட்டால் எல்லாமே ஜாம் ஜாமென்று வளரும். வளர்ந்தன. மூன்று மாதம் பாடுபட்டுச் சேர்த்த மரபணு மாதிரி முழுதும் அந்தத் தட்டுகளோடு பாழ்.

வெள்ளி காலை பொறுப்பதிகாரி ஸக்கரியா சேர், செவ்வாய்க்கிழமை லீவு நினைவில்லாமல், பட்டியலைப் பார்த்தார். "டிலுக்ஷி, மருந்த சூட்டோட கொட்டினீங்களா? ஒங்கள எப்படி ட்ரெய்னிங்குக்கு பேராதனைக்கு அனுப்புறது? ஆஸியா போகட்டும்."

டிலுக்ஷி ஆஸியாவை ஒரு தரம் பார்த்தாள். "சொறி சேர்," என்றாள்.

ஆஸியாவுக்குக் காதுமடல்வரை சூடேறியது. விடியலிலிருந்து சொட்டுத் தண்ணீர் படாத வாய், உண்மையை மட்டும் லேசாக விழுங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது. பேராதனை என்றதும் மனசு ஒரு கணம் குளிர்ந்ததே, அது அதைவிட வெட்கம்.

மூன்றரைக்குக் கழுவும் தொட்டியருகே டிலுக்ஷி தனியாக நின்றாள். ஆஸியா அருகே போனாள்.

"ஏன் டிலு நீ சொல்லல?"

"நோன்போட நிக்கிறவங்க ஏச்சு வாங்க வேணாமேன்னுதான். நீங்களே சொல்லுவீங்கன்னும் நினைச்சேன்." அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். "நேரமாகுது அக்கா. போங்க, நான் ஊத்துறேன்."

ஆஸியா பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். பஸ் வந்தது, நின்றது, போனது. அவள் திரும்பி வந்து சேரின் கதவைத் தட்டினாள்.

"அந்தத் தட்டெல்லாம் ஊத்தினது நான்தான் சேர்," என்றாள். "காலைல நீங்க டிலுவ ஏசும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். பேசாம நின்னேன்."