மூன்று விளைச்சல்

அந்த வியாழக்கிழமை மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர். எண்பத்து நான்கு வயது ஹ்யால்மார் எக்மார்க், அவருடைய மூத்த மகன் டோர்கெல், மகள் இல்வா, நிரல் எழுதும் விதார், ஆட்டத்தைச் சோதித்துக் குறிப்பெழுதும் மைக்கன். ஆறாவதாக யாரும் அங்கே இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

உப்சாலாவில், ஆற்றோரத்துச் சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிறது எக்மார்க் குடும்பத்தின் நிறுவனம். ஹ்யால்மார் அட்டையில் போர் விளையாட்டுகள் செய்து விற்ற காலம் போய், எல்லாம் கணினிக்கு வந்துவிட்டது. வழக்கம் மட்டும் மாறவில்லை. வியாழக்கிழமை மதியம் பட்டாணி சூப், பிறகு அப்பம், லிங்கான் என்னும் புளிப்புக் காட்டுப்பழ ஜாம், அதன் பிறகு புதிய ஆட்டத்தை எல்லோரும் சேர்ந்து ஆடிப் பார்ப்பது. இன்னொரு வழக்கமும் உண்டு. விளையாட்டுப் பெட்டியின் மேல் ‘வடிவமைப்பு’ என்ற சொல்லின் கீழே ஒரே ஒரு பெயர்தான் வரும். நெடுங்காலம் அது ஹ்யால்மாருடையது. கடைசி நான்கு பெட்டிகளில் டோர்கெலுடையது. ஐந்தாவதில் யார் பெயர் என்பதை ஹ்யால்மார் அன்று சொல்வதாக இருந்தார்.

ஆறு வருடத்துக்கு முன்பு வரை அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. இல்வா பள்ளிக்கூடத்து வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் எழுந்தது.

ஆட்டத்தில் குட்டி நாடுகளை இல்வா வடிவமைத்தாள், டோர்கெல் பார்த்தது பெரிய நாடுகளை. டென்மார்க், போலந்து, மாஸ்கோ. பெரிய நாடு சும்மா இருந்தாலே ஜெயித்துவிடும். அதை ஜெயிக்கவிடாமல் பிடித்து வைப்பதுதான் வேலை. தூரத்து மாகாணத்தில் வரி வராது, பிரபுக்கள் முறுக்கிக்கொள்வார்கள், படை நடக்க நடக்கச் சோறு தீரும். இருபத்தேழு வருடமாக இதைச் செய்தார். நன்றாகச் செய்ததாலேயே யாரும் கவனிக்கவில்லை. டென்மார்க்கை வைத்து ஜெயித்தவன் தன் மூளையை மெச்சிக்கொண்டான். இல்வாவின் குட்டி நாட்டை வைத்துத் தோற்றவனோ, உட்கார்ந்து இல்வாவுக்குக் கடிதம் எழுதினான். அந்தக் கடிதங்களை அவள் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். காபி ஊற்றப் போகும்போதெல்லாம் டோர்கெல் அவற்றுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார்.

அந்தக் கடிதங்களில் பாதி டித்மார்ஷனைப் பற்றியவை. ஜெர்மனியின் வடகடல் ஓரத்தில், சதுப்பில், அரசன் இல்லாமல் வாழ்ந்த குடியானவர்களின் நாடு அது. டென்மார்க்கின் படை வந்தபோது அவர்கள் மதகைத் திறந்து கடலை உள்ளே விட்டார்கள். இல்வா அதை ஆட்டத்தில் வைத்தாள். மதகைத் திறந்தால் எதிரிப் படை மூழ்கும். கூடவே உங்கள் வயலில் உப்பேறி மூன்று விளைச்சல் போகும். ஆட்டத்தின் கோப்பில் ஒரு வரி, அதில் மூன்று என்ற எண்.

போன வியாழக்கிழமை அவள் டித்மார்ஷன், டோர்கெல் டென்மார்க். இரண்டு முறை மதகைத் திறந்தாள். ஆட்டக் கணக்கில் பதினோரு வருடம் தாக்குப்பிடித்துவிட்டுப் பட்டினியில் விழுந்தாள். ஜெயித்தது டோர்கெல். கிழவர் கைதட்டியது அவளுக்கு.

“தோக்கறதுன்னா இப்படித் தோக்கணும்டி!” என்று சொல்லி இன்னொரு அப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

டோர்கெலுக்கு வயிறு எரிந்தது. அப்பா தனக்குக் கைதட்டியது எப்போது என்று யோசித்துப் பார்த்தார். பள்ளியில் பனிச்சறுக்குப் பந்தயம் ஒன்று நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

புதன்கிழமை காலை, மற்றவர்கள் வருவதற்கு முன்பு, அந்தக் கோப்பைத் திறந்தார். சின்ன நாட்டை இன்னும் நசுக்கினால் எல்லோரும் இரக்கப்படுவார்கள், இல்வாவுக்கு இன்னும் பத்துக் கடிதம் வரும். அது அவருக்குத் தெரியாதா என்ன? அந்த நாட்டைக் கெடுக்க ஒரே வழி, அதற்கு நல்லது செய்வது. மூன்றை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டார். இனி கடல் வந்தாலும் ஒரு விளைச்சலும் போகாது. எந்த எண்ணை மாற்றினாலும் பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுத வேண்டும் என்பது அந்த வீட்டு விதி, அதை வகுத்தவர் டோர்கெல்தான். ‘சின்ன நாட்டுக்கு ஓர் உதவி’ என்று எழுதினார்.

வியாழக்கிழமை ஹ்யால்மார் தட்டைத் தள்ளி வைத்தார். “இன்னிக்கு அந்தச் சேத்து நாடு எனக்கு. டோர்கெல், வா, உன் படையைக் கொண்டா.”

டோர்கெல் படையை அனுப்பினார். கிழவர் மதகைத் திறந்தார். டென்மார்க்கின் எட்டாயிரம் பேர் போனார்கள்.

“ஹா! போய்ச் சேருங்கடா!”

அடுத்த வருடம் மறுபடி படை வந்தது. மறுபடி மதகு. மூன்றாவது முறை கிழவர் சிரிக்கவில்லை. நான்காவது முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என்ன இல்வா இது? குழாயைத் திறந்து கை கழுவற மாதிரி இருக்கு. கடல் வந்துட்டுப் போயிருக்கு, வயல்ல ஒரு கதிர்கூட சாயலையே!”

“உப்புப் போட்டு வளர்த்த கோதுமை போல,” என்றான் விதார். “ரொட்டி சுடறப்போ தனியா உப்பு வேண்டாம்.”

“அஞ்சு நிமிஷம் ஆச்சு,” என்றாள் மைக்கன் குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்காமல். “எனக்குக் கொட்டாவி வந்துடுச்சு. அதையும் எழுதிக்கறேன்.”

இல்வாவின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. தன் கணினியில் மாற்றங்களின் பட்டியலைத் திறந்தாள். அவள் கண் ஓடி வந்து ஓரிடத்தில் நின்றதை டோர்கெல் பார்த்தார். அவள் பட்டியலை மூடினாள்.

“என் தப்புதான் அப்பா. எண்ணை மாத்திப் போட்டுட்டேன்.”

“யார் மாத்தினாங்கன்னு ஒரு நொடியில பார்த்துடலாமே,” என்று விதார் கை நீட்டினான்.

“வேண்டாம்னு சொல்றேன்ல. நான்தான். விடு.”

டோர்கெல் அங்கே தப்பித்திருக்கலாம். அப்பாவின் முகம் இல்வா பக்கம் சுருங்கியிருந்தது. அவர் வேண்டியதும் அதைத்தான். ஆனால் அவள் அந்தப் பழியை எவ்வளவு சுலபமாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்! கடிதமும் அவளுக்கு, கைதட்டலும் அவளுக்கு, இப்போது பெருந்தன்மையும் அவளுக்கா? அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

எழுந்து நின்றார். “அவ இல்ல. நான்.”

சூப் பாத்திரத்தின் மூடியை மைக்கன் சத்தம் வராமல் சாத்தினாள்.

“ஏன்?” என்றார் ஹ்யால்மார்.

“அவளுக்குக் கைதட்டினீங்க.”

ஐம்பத்தெட்டு வயது மனிதர் அதைச் சொல்லிவிட்டு முதுகை வளைக்காமல் நின்றார். கிழவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

“முதல்ல எண்ணைத் திருப்பி வை. பெட்டியில இல்வா பேரு.”

“அப்பா, ரெண்டு பேர் பேரும் போட்டா என்ன?” என்றாள் இல்வா. “டோர்கெலோட டென்மார்க் இல்லாட்டி என் டித்மார்ஷன் யாரை எதிர்த்து நிக்கும்?”

“பிச்சை போடாதே,” என்றார் டோர்கெல். “ஒரு பேருன்னா ஒரு பேருதான்.”

“சரி, அந்த அப்பத்தையாவது சாப்பிடு. ஆறிப் போச்சு.”

கடைசி அப்பத்தை அவர் தட்டில் வைத்தாள். முழுவதையும் சாப்பிட்டார், எக்மார்க் வீட்டில் தட்டில் மிச்சம் வைக்கிற பழக்கமில்லை. ஜாம் அவள் பக்கத்தில் இருந்தது. கேட்கவில்லை. பிறகு தன் மேசைக்குப் போய்ப் பூஜ்யத்தை அழித்து மூன்று என்று போட்டார். காரணம் கேட்கும் இடத்தில், ‘முந்தைய வரி பொய்’ என்று எழுதினார்.

பெட்டி வெளிவந்து இரண்டு வருடமாகிறது. தங்கை மேல் பொறாமைப்பட்டு டோர்கெல் எக்மார்க் அவளுடைய நாட்டின் பலத்தைக் குறைத்தார், மாட்டிக்கொண்டதும் மறுத்தார் என்று ஸ்டாக்ஹோமில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பேசிக்கொள்கிறார்கள். பொறாமைப்பட்டது உண்மை. மற்றது தவறு. அவர் குறைக்கவில்லை, கூட்டினார். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, அவரே சொன்னார். மூன்று என்ற எண்ணைத் திரும்ப வைத்ததும் அவர்தான்.