பிண்டர் கேட்ட அபராதம்

என் அப்பாவுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று சொன்னால் பாவம். பிடிக்காதது அவனுடைய குடும்பப் பெயர்தான்.

கைல்ஸ் பிண்டர் லீட்ஸ் நகரத்தில் பல் டாக்டர். தன் பெயருக்கு என்ன பொருள் என்பதையே அப்பா திட்டித்தான் தெரிந்துகொண்டான். அந்தக் காலத்தில் வேலி தாண்டி மேயும் ஆடுமாடுகளைப் பிடித்து ஊர்ப் பட்டியில் அடைத்து, உடையவன் அபராதம் கட்டும்வரை காவல் காப்பவன்தான் பிண்டர். எங்கள் யார்க்‌ஷயர் மேட்டில் ஆடு வளர்ப்பவர்கள் எவரும் அவனோடு உட்கார்ந்து பீர் குடித்திருக்க மாட்டார்கள்.

"தலைமுறை தலைமுறையா நம்ம ஆட்டைப் பிடிச்சு அடைச்ச கூட்டம்மா அது! கல்யாணத்துக்கு வர்றேன், சாப்பிடுறேன். ஆனா உன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் ஒரு பிண்டர்கிட்ட ஒப்படைக்க மாட்டேன்" என்றார் அப்பா.

"நம்ம ஆடு ஏம்ப்பா அடுத்தவன் வயல்ல மேஞ்சுச்சு?"

அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய்விட்டார். அம்மா இல்லாத எனக்கு, சர்ச்சுக்குள் தனியாக நடப்பதை நினைக்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் கெஞ்சவில்லை. நானும் அவர் பெண்தானே.

கல்யாணத்தன்று காலை, புதுக் கோட்டு மாட்டிய பரபரப்பில் அப்பா கொட்டில் கதவைச் சாத்த மறந்துவிட்டார். எங்கள் ஊரில் அதைவிட மானக்கேடு வேறில்லை. கண்காட்சியில் பரிசு வாங்கிய அவருடைய செல்லக் கிடா நேராக சர்ச்சுக்குப் போய், வாசலில் பிரிசில்லா அத்தை கட்டியிருந்த ரோஜா வளைவில் பாதியைத் தின்றுவிட்டது.

நாங்கள் போனபோது கிடா எதிரே கற்சுவர் கட்டிய பழைய ஊர்ப் பட்டிக்குள் அசைபோட்டுக்கொண்டிருந்தது. கதவில் தாழ்ப்பாள் இல்லை என்பதால் கைல்ஸ் முதுகைக் கொடுத்து நின்றான். கால்சட்டை கிழிந்து, முழங்கால்வரை சேறு. கிடாவின் வாயைத் திறந்து ரோஜாவைப் பிடுங்கக்கூடப் பார்த்தானாம்!

"என் கிடாவை விடுய்யா!" அப்பா பாய்ந்தார்.

"இரு அண்ணே!" என்று கத்தினார் அத்தை. "அடைச்சவன் பிண்டர். அபராதம் கட்டாம வெளிய வராது. ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா?"

கூட்டம் கைதட்டியது. அப்பாவின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது.

"என்னய்யா வேணும்?"

கைல்ஸ் என்னைப் பார்த்தான். "உங்க பொண்ணு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க மாமா. அவ்வளவுதான்."

"அநியாயக் கூட்டம்! அன்னிக்கும் இப்படித்தான் கறந்திருக்கும்" என்று முணுமுணுத்தபடி அப்பா முழங்கையை என் பக்கம் நீட்டினார். எனக்கு அங்கேயே ஆடலாம்போல் இருந்தது.

அபராதம் கட்டி முடியும்வரை, புதுத் தொப்பியோடு அத்தை பட்டிக் கதவில் சாய்ந்துகொண்டார். சர்ச்சுக்குள்ளே, என் கையை அவன் கையில் வைத்த அப்பாவுக்குக் குரல் உடைந்தது.

"இவளும் வேலி தாண்டுறவதான்யா. பாத்துக்கோ. ஆனா அடைச்சு மட்டும் வச்சுடாதே."

"எங்கிட்ட தாழ்ப்பாளே இல்ல மாமா" என்றான் கைல்ஸ்.