ஐந்தாவது அடி

ஐந்தாவது அடியில் மூக்காயி திரும்பிவிட்டாள்.

கண்டி ஆஸ்பத்திரியின் நீண்ட நடைவழியில், பத்து மீற்றர் இடைவெளியில் இரண்டு மஞ்சள் பட்டிகளைத் தரையில் ஒட்டியிருந்தார்கள். ஒன்றிலிருந்து கிளம்பி மற்றதைத் தொட வேண்டும். பக்கவாதம் வந்து மூன்று மாதமாகிறது. இடது கால் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. ஆனாலும் நான்கு அடியும் சுத்தமாகத்தான் வைத்தாள். ஐந்தாவதை வைத்ததும் வலது குதிகால் தானாகச் சுழன்றது. பார்த்தால் வந்த வழியையே பார்த்து நிற்கிறாள்.

"ஏன்மா திரும்பினீங்க? தலை சுத்துதா?" என்றாள் பயிற்சி கொடுக்கும் ஹபீலா மிஸ்.

"இல்ல மிஸ்."

மறுபடி நடந்தாள். இந்த முறை மஞ்சள் பட்டியையே முறைத்துக்கொண்டு போனாள். ஐந்தாவது அடியில் மறுபடியும் திரும்பினாள். மூளையில் இன்னொரு நரம்பும் போய்விட்டதோ? இன்று வியாழன். மட்டக்களப்பில் தாதியர் பயிற்சிக்கு மகள் புவனா திங்கள் காலை போய்ச் சேர வேண்டும். தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்தில், அவர்கள் வீட்டில் இரண்டு பேர்தான். லயத்துக் கடைசியிலிருக்கும் கக்கூசுக்கும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கும் அம்மா தனியாகப் போய்வந்தால்தான் கிளம்புவேன் என்று புவனா ஒற்றைக்காலில் நிற்கிறாள். வாசலிலிருந்து அது நாற்பது அடி.

"வீட்டுல பயிற்சி செய்றீங்களா?"

"நீங்க அம்பது தடவ சொன்னீங்க மிஸ். நா எரநூறு தடவ நடக்கிறேன்." அதைச் சொல்லும்போது மூக்காயியின் குரலில் கொஞ்சம் பெருமை வந்தது.

"எங்க நடக்கிறீங்க?"

"காம்பராவுலதான். கட்டில்லேருந்து கதவு வரைக்கும்."

"அது எத்தின அடி?"

மூக்காயி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். அம்மாவின் கைத்தடியோடு சுவரோரம் நின்ற புவனா தரையைப் பார்த்தாள்.

"அஞ்சு" என்றாள் மூக்காயி. "எங்க வீடு அவ்வளவுதான் மிஸ்."

ஹபீலா சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். "கால் நல்லாத்தான் படிச்சிருக்கு. படிச்ச இடம்தான் சின்னது. நீளமா, மட்டமா ஒரு இடம் தேடுங்க."

தோட்டத்துக்குத் திரும்பும் ஹந்தானை பஸ்ஸில் மூக்காயியால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. முன் கம்பியைப் பிடித்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள். மலையில் மட்டமான இடத்துக்கு எங்கே போவது? லயத்து வாசலே சரிவு.

"மடுவம் இருக்குல்ல" என்றாள் புவனா.

பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை. சிமெந்துத் தரை, நீளமானதுதான். முப்பத்தோரு வருடம் தலைக்கயிற்றில் கூடையைத் தொங்கவிட்டு, மற்றவர்களை முந்திக்கொண்டு அவள் ஏறிய படி. அங்கே போய், காலை இழுத்துக்கொண்டு, அத்தனை பெண்கள் முன்னால்!

"அங்க வரமாட்டேன்."

"அப்ப நா போவல. வரமுடியாதுன்னு கடுதாசி எழுதிட்டேன்."

"யாரக் கேட்டு எழுதுன?"

"இன்னும் போடல" என்று புவனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் மூக்காயி காம்பராவுக்குள் ஓர் அடிகூட வைக்கவில்லை. நடந்தால் கால் அந்த ஐந்தையே இன்னும் அழுத்திப் படித்துக்கொள்ளுமோ என்று பயம். உட்கார்ந்தால் முதுகு அரித்தது. படுத்தால் கூரைத் தகரத்தை எண்ணத் தோன்றியது. கடிதம் அலுமாரியின் மேல் இருந்தது. எழுத்துத் தெரியாவிட்டாலும் அதை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தாள்.

சனிக்கிழமை நிறுவைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது, "வா" என்றாள் மகளிடம். அந்த நேரத்தில் மடுவத்தில் ஆளிருக்காது என்பது அவள் கணக்கு. ஆனால் மழை இருட்டிக்கொண்டு வந்ததால் கங்காணி முன்கூட்டியே ஆட்களை மலையிலிருந்து இறக்கிவிட்டிருந்தார். மூக்காயி படியேறி உள்ளே கால் வைத்தபோது, தரையின் குறுக்கே வரிசை வரிசையாகக் கூடைகள். ஈரச்சாக்கைக் கட்டியிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்துக் காம்பரா வேலாயிதான் வாயைத் திறந்தாள். "அடியே மூக்காயி, கூடையில்லாம மடுவத்துக்கு வந்த மொத ஆளு நீதான்டி."

"ஒடம்ப நிறுக்க வந்தேன்."

"ஒன் வாய நிறுத்தாலே தராசு அறுந்துரும்!"

எல்லோரும் சிரித்தார்கள். மூக்காயி கைத்தடியைப் புவனாவிடம் கொடுத்தாள். புவனா கூட வர அடியெடுத்தாள்.

"நீ அங்கேயே நில்லு."

ஒன்று. இரண்டு. இடது கால் தரையைத் தேய்த்தது. மூன்று. நான்கு. ஐந்து. எதிரே வேலாயியின் கூடை, கதவு மாதிரி வழியை மறித்து நின்றது. வலது குதிகால் சுழலத் துடித்தது. உடம்பு பாதி திரும்பிவிட்டது. சாய்ந்தாள். புவனா மூச்சை இழுத்தது இவளுக்குக் கேட்டது.

வேலாயி கூடையைக் காலால் ஓர் அடி பின்னுக்குத் தள்ளினாள்.

இடையில் ஓர் அடி வெறுந்தரை இருந்தது. மூக்காயி குதிகாலை அழுத்தி வைத்துக்கொண்டு, இடது காலைத் தூக்கி அதில் வைத்தாள்.

"ஆறு" என்றாள் வேலாயி, எடை கூப்பிடுகிற குரலில். கூடையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள்.

அதற்கடுத்த கூடைக்காரி குனிந்து தன்னுடையதைத் தூக்கினாள். அவளைப் பார்த்து அதற்கடுத்தவள். ஒவ்வொரு கூடையாக நகர நகர, நடந்துகொண்டிருந்த மூக்காயியின் முன்னால் கொழுந்து சிதறிய தரை ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்று நீண்டுகொண்டே போனது. அதன் கடைசியில் தராசுக் கொக்கி வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது; அதற்கப்பால் மறுவாசல்; வாசலுக்கு வெளியே மழையில் லயத்துக்கு இறங்கும் சரிவு.