காரணம் எழுதாத அபராதம்

நாலாயிரத்து முந்நூற்று இருபது. ஒற்றைத்தோள் என்று சக லோடுமேன்கள் கூப்பிடும் ஆள் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய அபராதம் அவ்வளவு. மூன்று வாரக் கூலி. புது அலுவலக வாசலில் பதிக்க வந்த கருங்கல் பலகையை இறக்கும்போது மூலையை உடைத்துவிட்டானாம். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பலகையில் இருந்தது என்ன தெரியுமா? மனிதன் சுதந்திரமாகப் பிறந்தவன், பகுத்தறிவுள்ளவன். அவன் சம்மதத்தில்தான் ஆட்சி நிற்கிறது. விசாரிக்காமல், காரணம் சொல்லாமல் யாரையும் தண்டிக்கக் கூடாது. ராஜா வாயே சட்டமாயிருந்த நாளில் இதை எழுதியவன் கழுத்துக்கு உத்தரவாதம் கிடையாது. இப்போது எழுத டெண்டர் விடுகிறார்கள்.

நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக்கூட்டப் படித்தவன் ஒற்றைத்தோள். கல்லை வரிவரியாகப் படித்துவிட்டு நேரே குமாஸ்தாவிடம் போனான்.

"தூக்கினது ஆறு பேரு சார். எனக்கு மட்டும் ஏன் அபராதம்?"

"மத்த அஞ்சு பேரும் கைநாட்டுய்யா. உன் கையெழுத்து ஒண்ணுதான் படிக்க முடிஞ்சுது."

"விசாரிக்கணும்னு வாசல்ல உங்க கல்லே சொல்லுதே?"

"அது பார்க்கிறதுக்குய்யா! அதைப் போய் எவனாவது படிப்பானா?"

பக்கத்து மேசைகள் குலுங்கிச் சிரித்தன. ஒற்றைத்தோள் அங்கேயே தரையில் உட்கார்ந்து மனு எழுதினான். நாலு வரிக்கு ஒன்றரை மணி நேரம். எழுத்தில் பிழை உண்டு, கேள்வியில் இல்லை: என்ன காரணம்?

காரணம் எழுத, மனு போய்ச் சேர்ந்த அதிகாரி கோப்பைத் திறந்தார். சுவரில் கல் பதிக்கும் இடத்தை அளந்த மகானுபாவர் அவர்தான். பூசுவதற்கு முன்னாலேயே அளந்து தொலைத்தார். பூச்சு ஏறியதும் கல் நுழையவில்லை. திறப்பு விழாவுக்கு முதல் நாள் அவர் உத்தரவில் கொத்தனார் மூலையைச் செதுக்கினார். அதற்குக் கூலி கொடுத்த ரசீது, அவர் கையெழுத்தோடு, கோப்பிலேயே பல்லை இளித்தது.

ஆளைக் கூப்பிட்டனுப்பினார். "ஏம்ப்பா, இதுக்கெல்லாம் மனுவா? வாயால சொல்லியிருந்தா முடிச்சிருப்பேனே."

"வாயாலதான் சொன்னேன் சார். சிரிச்சாங்க."

ஒரு தாளை நீட்டினார். 'நிர்வாகக் காரணங்களால் அபராதம் தள்ளுபடி.' ஒற்றைத்தோள் விரல் வைத்துப் படித்தான்.

"என்ன காரணம்னு இதுலயும் இல்லையே?"

"பணம் கட்ட வேண்டாங்கிறேன், இன்னும் என்னய்யா?"

வெளியே லாரி ஹாரன் அடித்தது. பகுத்தறிவை வைத்துக்கொண்டு அரைநாள் கூலியை விட முடியாது. தாளை மடித்து வைத்துக்கொண்டான். ஆனாலும் குமாஸ்தா பேரேட்டை எடுத்து, அந்த நாலாயிரத்து முந்நூற்று இருபதின் மேல் கோடு கிழிக்கும்வரை அவர் மேசையை விட்டு நகரவில்லை.