ஓர் அங்குலம் குறைந்த தையல்காரர்

தையல்காரர் தனக்கென்று ஒரு கோட்டு தைக்க நினைத்த அன்றுதான் வினை வந்தது. பிடரியிலிருந்து குதிகால் வரை மனைவியை அளக்கச் சொன்னார். ஐம்பத்தாறு என்றாள். பழைய அளவு நோட்டில், ஐந்து வருஷத்துக்கு முன் அவரே எழுதியது ஐம்பத்தேழு. மறுபடி அளந்தார்கள். ஐம்பத்தாறேதான்.

அறுபத்தெட்டு வயதில் ஓர் அங்குலம் எங்கே போகும்? மருந்துக்கடைச் சுவரில் பார்த்த படம் கண்ணில் ஆடியது: வயதானால் முதுகெலும்பு உள்ளுக்குள் சல்லடையாகி, நசுங்கி, ஆள் குட்டையாகிவிடுவாராம். அவரோ நாள் முழுக்க வெட்டுமேசைமேல் குனிந்து நிற்பவர்.

"முதுகு போச்சுன்னா கடையைச் சாத்திட வேண்டியதுதான், சொல்லிட்டேன்" என்று மனைவி ஒரே போடாகப் போட்டாள்.

கடை போனால் அவருக்கு உயிரே போன மாதிரி. அன்றைக்கே கால்சியம் டப்பா வீட்டுக்கு வந்தது. ஒன்று போடவேண்டிய இடத்தில் மூன்று போட்டார். பத்து நாளில் வயிறு கல்லாய்க் கட்டிக்கொண்டது.

அதோடு நின்றாரா? பழைய வாடிக்கையாளர்களையும் பிடித்து நிறுத்தி அளந்தார். தபால்காரர் ஓர் அங்குலம் குறைவு. ரொட்டிக்கடை அம்மா முக்கால் அங்குலம். மனைவியின் தம்பி, ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர், உயரத்தைப் பற்றி நாலு பேரிடம் பீற்றிக்கொள்ளாமல் சோறு இறங்காதவர். அவரும் ஓர் அங்குலம் அவுட். தெருவே குறுகுகிறது என்று தையல்காரர் முடிவுகட்ட, தெருவே மாத்திரை விழுங்கியது. மருந்துக்கடைக்காரருக்கு வாயெல்லாம் பல்.

கடைசியில் மனைவி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். எலும்பு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் ஆயின. முடிவு வந்த நாளில் நர்ஸ் அவரைச் சுவரில் பதித்த இரும்பு அளவுகோலில் நிறுத்தினாள். நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர். ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அதேதான்.

தையல்காரர் ஒத்துக்கொள்வாரா? சுவர்தான் தப்பு, நாற்பது வருஷமாக அளக்கிறவன் நான் என்று கழுத்திலிருந்த டேப்பை உருவினார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அதை வாங்கி இரும்புக்கோலோடு சேர்த்துப் பிடித்தார். டேப்பின் ஐம்பத்தாறு, கோலின் அங்குலப் பக்கத்தில் ஐம்பத்தேழில் போய் நின்றது.

வருஷக்கணக்காக இழுபட்டு, பழைய துணி டேப் நீண்டுபோயிருந்தது. டேப் நீண்டால் ஆள் குறைவார். அப்படியானால் தைத்த சட்டைகள் எப்படிப் பொருந்தின? ஆளை அளந்ததும் அதே டேப், துணியை வெட்டியதும் அதே டேப். இரண்டு தப்பும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. இதைப் புரிந்துகொண்டதும் தையல்காரருக்கு வந்த சிரிப்பில் நர்ஸும் சேர்ந்துகொண்டாள்.

ஸ்கேனில் எலும்பு வயதுக்கேற்ற திடத்தோடு இருந்தது. கடை பிழைத்தது. ஆனால் ரத்தத்தில் வைட்டமின் டி அடிமட்டம்.

"மூட்டை மூட்டையா நூல் வாங்கிட்டீங்க, ஊசியை மறந்துட்டீங்க" என்றார் டாக்டரம்மா. பிறகு விளக்கினார். எலும்பு கல் அல்ல. உடம்பு அதை ஒரு பக்கம் பிரித்து மறுபக்கம் தைத்துக்கொண்டே இருக்கும். கால்சியம்தான் நூல். குடலிலிருந்து அதை ஒழுங்காக உள்ளே வாங்க வைட்டமின் டி வேண்டும். அது இல்லாமல் கூடுதலாக விழுங்கினால் வயிறு கட்டும், சிறுநீரகத்தில் கல்கூட வரலாம். அவருக்குச் சாப்பாட்டிலேயே போதுமான கால்சியம் கிடைக்கிறது. வைட்டமின் டி மட்டும், அதுவும் சொன்ன அளவு. தினமும் நடை. உடம்பின் பாரம் காலில் இறங்கினால்தான் எலும்புக்குத் தைக்கிற வேலை வரும். கொஞ்சம் வெயிலும் படட்டும். மற்றவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் விழுங்க வேண்டாம்.

மறுநாள் காலை, புது டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, விஷயத்தைச் சொல்ல வீடு வீடாகக் கிளம்பினார். ரொட்டிக்கடை அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். தபால்காரர், போன அங்குலம் தபாலில் திரும்பி வந்ததே என்றார். மச்சினர் மட்டும் சுவரோடு ஒட்டி நின்று மூன்று தடவை அளக்கச் சொன்னார்.

"அப்போ நான் குறையவே இல்லையா அத்தான்?"

"உன் உயரமும் குறையல, உன் பீத்தலும் குறையல."

இருபத்துமூன்று வீடுகள். வியர்வையில் சட்டை நனைய வீடு திரும்பியபோது மனைவி வாசலிலேயே வழிமறித்து, புது டேப்பை வாங்கிப் பிடரியிலிருந்து குதிகால் வரை பிடித்தாள்.

"ஐம்பத்தேழு. போய்க் கோட்டுத் துணியை வெட்டுங்க."